அத்தியாயம் 4: தீர்ப்பு நாள் முதல் சிறை எண் வரை

நீதிபதி தண்டனையை வாசித்து முடித்த கையோடு நீதிமன்றத்தில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. குற்றவாளிக் கூண்டுக்கு அருகே நிற்கும் காவலர்கள் தண்டிக்கப்பட்டவரின் பக்கம் நகர்கிறார்கள். பெஞ்ச் கிளார்க், சிறை வாரன்ட்டை நிரப்ப ஆரம்பிக்கிறார். குடும்பத்தாரின் கண்ணெல்லாம் காவலர்கள் மேல்தான் இருக்கும். ஆனால் அடுத்த பல ஆண்டுகளைத் தீர்மானிப்பது கிளார்க்கின் மேசையில் நடக்கும் வேலை.

ஒருவர் சிறையில் எத்தனை நாள் இருப்பார், எந்தப் பிளாக்கில் படுப்பார், என்ன மாத்திரை அவருக்குக் கிடைக்கும், யார் வந்து பார்க்கலாம், எந்தத் தேதியில் வெளியே வருவார் என்பதெல்லாம் முதல் சில நாட்களில் எழுதப்படும் பதிவேடுகளிலிருந்து கிளம்புகின்றன. அங்கே விழும் பிழை தானாகத் திருந்தாது. யாராவது கவனித்து, எழுதிக் கொடுத்து, திருத்தம் வாங்க வேண்டும். தமிழ்நாட்டுச் சிறைகளில் புதிதாகத் தண்டனை பெற்றவர் எப்படிச் சேர்க்கப்படுகிறார், ஒவ்வொரு கட்டத்திலும் அவரும் குடும்பத்தினரும் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

நீதிமன்றத்திலேயே முடிக்க வேண்டியவை

தண்டனை பெற்ற எல்லாரும் அன்றே சிறைக்குப் போவதில்லை. தண்டனை 3 ஆண்டுகளுக்கு மிகாமல் இருந்து, அவர் ஜாமீனில் இருந்தபடி வழக்கை நடத்தியவராகவும் இருந்தால், மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொல்லி அந்த நீதிமன்றத்திலேயே தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 430 இதற்கு வழி செய்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது பிரிவு 389. மனுவை வழக்கறிஞர் முன்கூட்டியே தயாராக வைத்திருந்தால் அன்று மாலையே வீடு திரும்ப முடியும். தீர்ப்பு வந்த பிறகு எழுத ஆரம்பித்தால் நேரம் போதாமல் போய், ஓரிரு இரவாவது உள்ளே கழிக்க நேரிடும்.

சிறைக்குப் போயே ஆக வேண்டும் என்றால், கையில் இருக்க வேண்டிய முதல் ஆவணம் தீர்ப்பின் நகல். சிறைத் தண்டனை விதிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பு சொன்னவுடன் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது அதே சன்ஹிதாவின் பிரிவு 404. இந்த உரிமையின் அருமையை 1978-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஹோஸ்காட் வழக்கு காட்டியது. ஹோஸ்காட் படித்தவர், முனைவர் பட்டம் பெற்றவர்; மேல்முறையீட்டுக்கு உச்ச நீதிமன்றம் வந்தபோது நாலு ஆண்டுகளுக்கு மேல் தாமதமாகியிருந்தது. உயர் நீதிமன்றத் தீர்ப்பின் நகல் உரிய காலத்தில் தன் கைக்கு வரவில்லை என்பது அவர் சொன்ன காரணம். கொடுத்தோம் என்றது சிறை நிர்வாகம். பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து எதுவும் இல்லை. நகலைக் கைதியிடம் சேர்த்து, அவரிடம் எழுத்துப்பூர்வமாக ஒப்புகை வாங்க வேண்டும் என்றும், வசதியில்லாதவருக்கு மேல்முறையீட்டுக்கு இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்றும் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தத் தீர்ப்பில் எழுதினார். ஆகவே நகல் வந்ததும் வந்த தேதியைக் குறித்துக் கையெழுத்திடுவதும், வராவிட்டால் கேட்டு எழுதிக் கொடுப்பதும் அவசியம்.

இரண்டாவது ஆவணம் வாரன்ட். அது கைதியின் கைக்கு வருவதில்லை. சிறைப் பொறுப்பு அதிகாரியின் பெயருக்கு எழுதப்பட்டு, வழிக்காவல் போலீஸார் மூலம் போகிறது. அதை நீதிமன்றத்தில் வைத்தே வழக்கறிஞர் ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நல்லது. பெயர், தந்தை பெயர், வழக்கு எண், சட்டப் பிரிவுகள், ஒவ்வொரு பிரிவுக்கும் எவ்வளவு தண்டனை, கடுங்காவலா மெய்க்காவலா, தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டுமா அடுத்தடுத்தா, அபராதம் எவ்வளவு, கட்டத் தவறினால் எத்தனை மாதம், ஏற்கெனவே சிறையில் இருந்த நாட்கள் எத்தனை என்பவை எல்லாம் தீர்ப்போடு பொருந்த வேண்டும். ஒன்றிரண்டு சொல் விடுபட்டாலே கணக்கு மாறிவிடும்.

சிறை வாசலில்

எந்தச் சிறை என்பது ஊரையும் தண்டனையையும் பொறுத்தது. ஆண்களுக்குப் புழலில் இரண்டு, வேலூர், கடலூர், சேலம், கோவை, திருச்சி, மதுரை, பாளையங்கோட்டையில் ஒவ்வொன்று என மத்திய சிறைகள் உள்ளன. பெண்களுக்கான தனிச் சிறைகள் புழல், வேலூர், திருச்சி, கோவை, மதுரையில் இருக்கின்றன. சென்னையில் தண்டனை பெற்றவர்களுக்குப் புழல் மத்திய சிறை 1, விசாரணையில் இருப்பவர்களுக்கு 2 என்பது ஏற்பாடு. வழக்கு நடந்த காலமெல்லாம் இரண்டாம் சிறையில் இருந்தவர், தீர்ப்புக்குப் பிறகு அதே வளாகத்தின் மற்றொரு சிறையில் புதியவராகச் சேர்க்கப்படுகிறார். ஆகவே அவரைப் பார்க்கக் குடும்பத்தினர் பழைய சிறைக்குப் போய் மனு போட்டுக் காத்திருப்பது வீண் அலைச்சல்.

வாசலில் முதல் வேலை ஆளையும் வாரன்ட்டையும் ஒப்பிடுவது. நீதிமன்ற முத்திரை, நீதிபதியின் கையெழுத்து, பெயர், அங்க அடையாளங்கள் எல்லாம் பார்க்கப்படுகின்றன. ஐயம் இருந்தால் சிறை நிர்வாகம் நீதிமன்றத்துக்கு எழுதி விளக்கம் கேட்கும். பிறகு சேர்க்கைப் பதிவேட்டில் பதிவு. தண்டனைக் கைதிகளுக்குத் தரப்படும் எண் சி.டி. என்ற முன்னொட்டோடு தொடங்கும். இதன் பிறகு உயர் நீதிமன்ற மனுவானாலும், விடுப்பு விண்ணப்பமானாலும், வீட்டிலிருந்து வரும் மணியார்டரானாலும் அந்த எண்ணைச் சொன்னால்தான் வேலை நடக்கும். குடும்பத்தினர் முதல் சந்திப்பிலேயே அதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

பதிவேட்டில் என்ன எழுதலாம் என்பதிலும் அண்மையில் ஒரு பெரிய மாற்றம் வந்துள்ளது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம், சிறைப் பதிவேடுகளில் சாதிக்கென இருக்கும் கட்டத்தையும் சாதி பற்றிய குறிப்புகளையும் நீக்க உத்தரவிட்டது. துப்புரவு வேலையை ஒரு சாதிக்கும் சமையலை இன்னொரு சாதிக்கும் ஒதுக்கும் விதிகள் அரசியலமைப்புக்கு எதிரானவை என்றும் சொன்னது. இதில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. மோதலைத் தவிர்க்க என்று காரணம் சொல்லிப் பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்திருந்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் முன்பு ஏற்றுக்கொண்டிருந்தது. உச்ச நீதிமன்றம் அந்தப் பார்வையை ஏற்கவில்லை. ஆகவே சேர்க்கையின்போது சாதி என்ன என்று கேட்டுப் பிளாக் ஒதுக்கினால், அது குறித்துக் கண்காணிப்பாளரிடமோ சட்ட உதவி வழக்கறிஞரிடமோ புகார் எழுதலாம்.

சோதனையும் உடைமைகளும்

1894-ஆம் ஆண்டின் சிறைகள் சட்டம் இன்றும் சேர்க்கை நடைமுறையின் முதுகெலும்பு. அதன் பிரிவு 24-ன்படி உள்ளே வரும் ஒவ்வொருவரும் சோதிக்கப்பட வேண்டும். பெண்களைப் பெண் அலுவலர்தான் சோதிக்க வேண்டும். பிரிவு 25-ன்படி கையில் இருக்கும் பணமும் பொருட்களும் சிறை அலுவலரின் பொறுப்பில் வைக்கப்படுகின்றன.

பணம் கைதியின் கணக்கில் வரவு வைக்கப்படும், பி.சி.பி. என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். கேன்டீனில் சோப்பு, பிஸ்கட் வாங்குவதும் அதிலிருந்துதான். கடிகாரம், மோதிரம், பர்ஸ், செல்போன், ஆதார் அட்டை போன்றவை பட்டியலிட்டு எழுதப்படும். இந்தப் பட்டியலில் கையெழுத்திடுமுன் வாசிக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவர் வாசித்துக் காட்டச் சொல்லலாம். நகை என்றால் எடையும் வடிவமும், போன் என்றால் கம்பெனியும் நிறமும் இருப்பது பின்னால் வரும் தகராறைத் தவிர்க்கும். இதைவிட எளிய வழி, தீர்ப்பு நாளன்று விலையுயர்ந்த எதையும் அணியாமல் போவது. கண்ணாடி, காது கேட்கும் கருவி, ஊன்றுகோல், பல் செட் போன்றவை வேறு ரகம். அவை தேவை என்பதை மருத்துவரிடம் சொல்லிப் பதியவைக்க வேண்டும்.

விசாரணைக் காலத்தில் சொந்த உடையில் இருந்தவர் இப்போது வெள்ளை உடைக்கு மாறுகிறார். தட்டு, தம்ளர், போர்வை முதலியவையும் தரப்படும்.

கைரேகை முதல் கருவிழி வரை

அடுத்தது அடையாளப் பதிவு. 1920-லிருந்து இருந்த பழைய சட்டத்துக்குப் பதிலாக, குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் 2022 ஆகஸ்ட் 4 அன்று நடைமுறைக்கு வந்தது. விரல் ரேகை, உள்ளங்கை ரேகை, பாதத் தடம், புகைப்படம் ஆகியவற்றோடு கருவிழி, விழித்திரைப் பதிவையும் உயிரியல் மாதிரிகளையும் எடுக்க இது அனுமதிக்கிறது. சிறையில் தலைமை வார்டர் நிலைக்குக் குறையாத அலுவலர் இதைச் செய்யலாம். எந்தக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றிருந்தாலும் இந்தச் சட்டம் பொருந்தும். பதிவுகளைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். மறுப்பது தனிக் குற்றமாகும் என்பதால், ஆட்சேபம் இருந்தால் அதை வழக்கறிஞர் வழியே நீதிமன்றத்தில் சொல்வதுதான் சரியான வழி.

மருத்துவர் முன்னால்

சேர்க்கையில் அதிகக் கவனம் கேட்கும் கட்டம் இது. சிறைகள் சட்டம் சொல்வது தெளிவு: வந்தவரின் உடல்நிலை, உடலில் உள்ள காயங்கள், தழும்புகள், கடுங்காவல் என்றால் எந்த வகை வேலைக்குத் தகுதியானவர் ஆகிய மூன்றையும் மருத்துவ அலுவலர் பரிசோதித்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையம் 1999-ல் இதற்கென ஒரு படிவத்தை வகுத்து மாநிலங்களுக்கு அனுப்பியது. காசநோய் அறிகுறி, சர்க்கரை, ரத்த அழுத்தம், தோல் நோய், மனநிலை எல்லாம் இந்தப் பரிசோதனையின் பகுதி. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு மட்டும் ஒருவரின் விவரமறிந்த சம்மதம் தேவை. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தரும் அந்த உரிமை சிறை வாசலோடு நின்றுவிடுவதில்லை.

காயம் இருந்தால் சொல்ல வேண்டும். காவலில் அடிபட்டதாகச் சொன்னால் பின்னால் தொல்லை வரும் என்று பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதாகிக் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் அடுத்தடுத்து இறந்தார்கள். அவர்கள் தண்டனை பெற்றவர்கள் அல்லர், ரிமாண்டில் இருந்தவர்கள். ஆனாலும் காவல் நிலையத்திலிருந்து சிறை வரை அவர்கள் கடந்த ஒவ்வொரு வாசலிலும் காயங்களைப் பார்த்தவர் யார், எழுதியவர் யார் என்ற கேள்வி அந்த வழக்கு முழுக்க எழுந்தது. சேர்க்கையின்போது எழுதப்படும் ஒரு வரிக்கு இருக்கும் கனம் அப்படி.

தொடர்ந்து மருந்து சாப்பிடுபவரின் குடும்பத்தினர், மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, அண்மைய ரத்தப் பரிசோதனை முடிவு ஆகியவற்றின் நகல்களை அன்றோ மறுநாளோ சிறை மருத்துவமனைக்குச் சேர்க்க வேண்டும். இன்சுலின், வலிப்பு மாத்திரை, டயாலிசிஸ், இதய மருந்து, மனநல மருந்து என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. குடிப்பழக்கம் உள்ளவருக்குத் திடீரென மது நின்றதும் கைநடுக்கம், தூக்கமின்மை, சில சமயம் வலிப்பும் வரும். வெட்கப்பட்டு மறைத்தால் ஆபத்து அவருக்குத்தான். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றி அவர் முன்பு எப்போதாவது பேசியிருந்தால் அதையும் குடும்பத்தினர் சிறை நல அலுவலருக்கோ மருத்துவருக்கோ எழுதித் தெரிவிக்க வேண்டும். தீர்ப்பை அடுத்த முதல் நாட்கள் மனம் உடைந்து கிடக்கும் நாட்கள்.

பெண் கைதிகளிடம் கர்ப்பம் குறித்தும், பார்த்துக்கொள்ள வேண்டிய குழந்தைகள் குறித்தும் கேட்கப்படும். 2006-ல் உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதலின்படி, ஆறு வயது வரை குழந்தை தாயோடு சிறையில் இருக்கலாம். சிறைக் காலத்தில் குழந்தை பிறந்தால் பிறப்புச் சான்றில் பிறந்த இடமாகச் சிறையைக் காட்டக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் யாரிடம் இருப்பார்கள் என்பதைச் சேர்க்கையின்போதே சொல்லிவிட்டால் நல அலுவலர் தலையிட வசதியாக இருக்கும்.

எந்தப் பிளாக், என்ன வேலை

பரிசோதனை முடிந்தபின் பிரித்து வைப்பது. ஆண், பெண் வெவ்வேறு கட்டடம். தண்டனை பெற்றவர், விசாரணையில் உள்ளவர் தனித்தனி. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் தனி. உரிமையியல் கைதி தனி. இது சிறைகள் சட்டத்தின் பிரிவு 27. இதற்கு மேல் முதல் முறை குற்றவாளியா, திரும்பத் திரும்ப வருபவரா, உள்ளே எதிரிகள் இருக்கிறார்களா, தப்பிக்க முயன்ற வரலாறு உண்டா என்பதெல்லாம் பார்க்கப்படுகின்றன. உள்ளே தனக்கு ஆபத்து என்று அஞ்சுபவர் அதை முதல் நாளே எழுதிக் கொடுக்க வேண்டும். எதிர்த் தரப்பினர் எந்தச் சிறையில் இருக்கிறார்கள் என்பதை வழக்கறிஞர் நீதிமன்றத்திலேயே சொல்லிவைப்பது இன்னும் பாதுகாப்பு.

வயதில் ஒரு நுட்பம் இருக்கிறது. குற்றம் நடந்த நாளில் ஒருவருக்கு 18 நிரம்பவில்லை என்றால், அந்த வாதத்தை வழக்கு முடிந்த பிறகும் எழுப்ப இளைஞர் நீதிச் சட்டம், 2015 இடம் தருகிறது. விசாரணையில் கவனிக்காமல் விட்ட பள்ளிச் சான்றிதழ் இப்போது கிடைத்தாலும் பயன்படும்.

மெய்க்காவல் தண்டனை பெற்றவரை வேலை செய்யும்படி கட்டாயப்படுத்த முடியாது, விரும்பினால் செய்யலாம். கடுங்காவல் என்றால் வேலை உண்டு. 1908-ல் கோவைச் சிறையில் வ.உ.சிதம்பரனாரைச் செக்கிழுக்க வைத்த காலத்துக் கடுங்காவல் இன்று இல்லை. நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று சிறைகள் சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது. வேலைக்கு நியாயமான கூலி தர வேண்டும் என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நெசவு, காலணி, பேக்கரி, காகித உறை, விவசாயம் எனச் சிறைக்குச் சிறை தொழில் வேறுபடும். தையலோ, எலெக்ட்ரிக்கல் வேலையோ, கணினியோ தெரிந்தவர் சேர்க்கையின்போது அதைச் சொல்லிவைத்தால் ஒதுக்கீட்டில் உதவும். முதுகுவலி, மூச்சிரைப்பு உள்ளவர் மருத்துவரிடம் சொல்லிக் குறிப்பு வாங்கினால்தான் கடின வேலையிலிருந்து விலக்கு கிடைக்கும்.

விடுதலைத் தேதிக் கணக்கு

வாசலில் தொடங்கிய எழுத்து வேலை வந்து நிற்கும் இடம் இதுதான். ஒவ்வொரு கைதிக்கும் ஹிஸ்டரி டிக்கெட் எனப்படும் அட்டை போடப்படும். தண்டனை விவரமும் விடுதலைத் தேதியும் அதில் இருக்கும். அந்தத் தேதியைக் கேட்டறிவது கைதியின் உரிமை. அதைத் தானே போட்டுப் பார்ப்பது அவருக்கு நல்லது.

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு 2025 ஜூன் 2 அன்று ஒரு பிரிவில் 5 ஆண்டு, இன்னொரு பிரிவில் 3 ஆண்டு கடுங்காவல், ஏககாலத்தில். அபராதம் 10,000 ரூபாய். கட்டாவிட்டால் மேலும் 3 மாதம். வழக்கு நடந்தபோது 200 நாள் சிறையில் இருந்திருக்கிறார். ஏககாலம் என்பதால் பெரிய தண்டனையான 5 ஆண்டை எடுத்தால் போதும். அது 2030 ஜூன் 1-ல் முடிகிறது. சன்ஹிதாவின் பிரிவு 468-ன்படி முன்பு இருந்த 200 நாளைக் கழித்தால் 2029 நவம்பர் 13. வாரன்ட்டில் 200 என்பதற்குப் பதில் 20 என்று விழுந்துவிட்டால் 180 நாள் கூடுதல். ‘ஏககாலத்தில்’ என்ற சொல் விடுபட்டால் 3 ஆண்டு கூடுதல்.

அபராதத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கட்டத் தவறியதற்கான 3 மாதத்துக்கு முன்பு இருந்த நாட்கள் கழிவாகாது; அது முதன்மைத் தண்டனை முடிந்த பிறகு தனியாக ஓடும். அபராதத்தைக் கட்டிவிட்டால் அந்த 3 மாதம் இல்லை. பாதி கட்டினால் அந்த விகிதத்தில் குறையும். தொகையைக் கட்டியபின் ரசீதின் நகல் சிறைக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். கட்டவே வழியில்லாத ஏழைக் கைதிகளுக்காக மத்திய அரசு 2023-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. மாவட்ட அளவிலான குழு பரிந்துரைத்தால் 25,000 ரூபாய் வரை அபராதத்தை அரசே செலுத்தும். இதற்கான விண்ணப்பத்தை நல அலுவலர் மூலமோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலமோ தொடங்கலாம்.

இரண்டு வெவ்வேறு வழக்குகளில் தண்டனை பெற்றவர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இரண்டாவது வழக்கின் நீதிபதி ஏககாலம் என்று வெளிப்படையாகச் சொல்லாவிட்டால், முதல் தண்டனை முடிந்த பிறகுதான் இரண்டாவது தொடங்கும். இதைச் சிறை அலுவலரால் மாற்ற முடியாது. நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். ஆயுள் தண்டனையில் இப்படித் தேதி போட முடியாது. மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்காக ஆயுள் பெற்றவர், முன்விடுதலைக்குக் குறைந்தது 14 ஆண்டு சிறையில் கழித்திருக்க வேண்டும். விசாரணைக் காலத்தில் இருந்த நாட்கள் அந்த 14 ஆண்டில் சேரும்.

நல்ல நடத்தைக்கும் வேலைக்கும் கிடைக்கும் தண்டனைக் குறைப்பு தனிக் கணக்கு. அது மாதா மாதம் ஏறும், ஒழுங்கு மீறினால் பறிபோகும். அதைப் பின்னர் வரும் அத்தியாயம் விரிவாகப் பார்க்கிறது.

மேல்முறையீட்டுக் கெடு

சேர்க்கை நடக்கும்போதே இன்னொரு கடிகாரமும் ஓடத் தொடங்கிவிடுகிறது. தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக 60 நாள், மற்ற நீதிமன்றங்களுக்கு 30 நாள் என்பது 1963-ஆம் ஆண்டின் காலவரைச் சட்டம் வைத்த கெடு. தீர்ப்பு நகல் பெற ஆன காலம் இதில் கழியும். கெடு தாண்டினாலும் தக்க காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். ஆனால் அது நீதிமன்றத்தின் விருப்பம்.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்பதற்காக யாரும் மேல்முறையீட்டைக் கைவிட வேண்டியதில்லை. கைதி தானே மனு எழுதிச் சிறைப் பொறுப்பு அதிகாரியிடம் கொடுத்தால் அவர் அதை உரிய நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். சன்ஹிதாவின் பிரிவு 424 இதற்கானது. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-ன்படி காவலில் இருக்கும் எவருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. சிறைகளில் இயங்கும் சட்ட உதவி மையத்தில் இதற்கு எழுதிக் கொடுக்கலாம். குடும்பத்தினர் வெளியிலிருந்து 15100 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். சொந்தமாக வழக்கறிஞர் வைப்பவர், வக்காலத்தில் கைதி கையெழுத்திட்டுச் சிறை அதிகாரி சான்றளிக்கும் நடைமுறைக்கு ஓரிரு நாள் பிடிக்கும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

முதல் சந்திப்பு

ஒருவர் சிறையில் சேர்க்கப்பட்டதைக் குடும்பத்துக்கு உடனே தெரிவிக்கும் வாய்ப்பு அவருக்கு இருக்க வேண்டும், சிறையின் விதிகளையும் புகார் செய்யும் முறையையும் அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்பவை 2015-ல் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற மண்டேலா விதிகளில் உள்ளவை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். வட மாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டுச் சிறைகளுக்கு வரும்போது இது இன்னும் முக்கியமாகிறது. தமிழில் எழுதிய விதிப்பலகையால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது.

மனு பார்க்க, அதாவது நேரில் சந்திக்க, வருபவர்களின் பெயர்களைக் கைதி சேர்க்கையின்போது கேட்டால் சொல்ல வேண்டும். உறவுமுறை சரியாக இருக்க வேண்டும். வருபவர் ஆதார் அட்டை போன்ற அடையாளச் சான்றைக் கையில் கொண்டுவர வேண்டும். இ-முலாகாத் இணையதளத்தில் முன்பதிவும் செய்யலாம். தண்டனை பெற்றவருக்கான சந்திப்பு வாய்ப்பு விசாரணைக் கைதிக்கு இருந்ததைவிடக் குறைவு என்பதால், பழைய வழக்கப்படி வந்து திரும்பிப் போகாமல் நாள், நேரத்தைக் கேட்டுக்கொண்டு வருவது நல்லது. தொலைபேசி, வீடியோ அழைப்பு வசதிக்கு எந்த எண்களில் பேசலாம் என்பதையும் முன்கூட்டியே பதிய வேண்டும். எண் மாற்றும் பழக்கமுள்ள வீடுகளில் ஒரே எண்ணை நிலையாக வைத்துக்கொள்வது உதவும்.

குடும்பத்தினர் வீட்டில் ஒரு கோப்பு தொடங்கலாம். தீர்ப்பு நகல், வாரன்ட் நகல் கிடைத்தால் அது, முன்பு சிறையில் இருந்த நாட்களுக்கான சான்று, அபராத ரசீது, சி.டி. எண், மருத்துவச் சீட்டுகள், சிறைக்கு எழுதிய கடிதங்களின் நகல், வழக்கறிஞரின் எண் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால், ஐந்து ஆண்டு கழித்து விடுப்புக்கோ முன்விடுதலைக்கோ விண்ணப்பிக்கும்போது அலைய வேண்டாம். தமிழ்நாட்டில் பரோல் என்று பேச்சில் சொல்லப்படும் விடுப்பு, 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்கீழ் சாதாரண விடுப்பு, அவசரக்கால விடுப்பு என இருவகை. பெற்றோரின் மரணம் போன்ற அவசரத்தில் வீட்டு முகவரியும் உறவுமுறையும் பதிவேட்டில் சரியாக இருந்தால் அனுமதி விரைவாக நகரும்.

படிப்புக்கும் முதல் மாதமே விதை போடலாம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991-ல் கைதாகி 2022 மே மாதம் உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்ட பேரறிவாளன், சிறையிலிருந்தபடியே இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாக பி.சி.ஏ.வும் எம்.சி.ஏ.வும் முடித்தார். இக்னோ சிறைவாசிகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. 2023 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை ‘கூண்டுக்குள் வானம்’ என்ற பெயரில் வாசகர்களிடம் புத்தகம் சேகரித்துச் சிறை நூலகங்களுக்குக் கொண்டுபோனது. படிப்பில் சேர விரும்புபவரின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் வீட்டில்தான் இருக்கும். அவற்றின் நகல்களை அடுத்த மனுவுக்கு வரும்போதே நல அலுவலரிடம் ஒப்படைத்துவிடலாம்.